நூறு வயசு ரகசியம் தட்டில் மட்டுமா இருக்கு?

"எங்க அப்பாரு கம்மஞ்சோறும் மோரும் குடிச்சே தொண்ணூத்தஞ்சு வயசு வரைக்கும் திடமா இருந்தாருங்க. ஒரு ஊசி போட்டதில்லை, ஒரு மாத்திரை முழுங்கினதில்லை. இப்பப் பாருங்க, நாப்பது வயசுல நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துக்கறோம்!"

திருப்பூர், பல்லடம், காங்கேயம், தாராபுரம்... எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பேச்சு உங்கள் காதில் விழாமல் இருக்காது. கல்யாணப் பந்தியில் விழும். பனியன் கம்பெனி டீ இடைவேளையில் விழும். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் கட்டாயம் சொல்வார்.

கேட்டவுடன் நாம் என்ன செய்கிறோம்? கடைக்குப் போய்க் கம்பு, சாமை, வரகு, தினை என்று பை நிறைய வாங்கி வருகிறோம். அதில் தப்பே இல்லை, நல்ல தானியங்கள்தான். ஆனால் சிலர் அத்தோடு நிற்பதில்லை. "அதான் களியும் கூழுமா சாப்பிடறேனே, இனி எதுக்கு மாத்திரை?" என்று ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். வந்ததே வினை! ரத்தக்கொதிப்பு ஏறுவது பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது. தலைவலி கூட இல்லாமல் ஏறிக்கொண்டே போய், ஒருநாள் காலையில் வாய் கோணி, கை விழுந்தபிறகுதான் வீட்டாருக்குத் தெரிகிறது. சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட வேகமாக ஏறுவதும் உண்டு.

அதனால்தான் இந்த விஷயத்தை ஒரு பாடம் மாதிரியே எடுத்துக்கொண்டு பார்த்துவிடலாம். சில ஊர்க்காரர்கள், சில சமூகத்தார் நீண்ட காலம் வாழ்கிறார்கள் என்றால், அதற்குச் சாப்பாடு ஒன்றுதான் காரணமா?

முதலில் ஒரு தாள் எடுங்கள்

ஆமாம், நிஜமாகவே ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொண்ணூத்தஞ்சு வயது அப்பாருவின் பெயரை எழுதுங்கள். அவருடன் பிறந்தவர்கள் எத்தனை பேர்? வீட்டில் வயதான ஆத்தாவோ அம்மாயியோ இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர்களுக்குத்தான் இதெல்லாம் ஞாபகம் இருக்கும். "ஒம்போது பேரு கண்ணு. ரெண்டு தொட்டில்லயே போச்சு. ஒண்ணு அம்மை வந்து போச்சு. பெரியக்கா ரெண்டாவது பிரசவத்துல... ஒரு தம்பி இருபது வயசுல வாந்திபேதி" என்று கணக்கு வரும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எத்தனை வயதில், எதனால் என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.

எழுதி முடித்ததும் பாருங்கள். அந்த ஒன்பது பேரும் ஒரே அடுப்பில் வெந்த அதே கம்மஞ்சோற்றைத்தான் சாப்பிட்டார்கள். தொண்ணூத்தஞ்சைத் தொட்டவர் ஒருத்தர். அவரைத்தான் நாம் பார்த்தோம், அவர் மடியில்தான் விளையாடினோம். மற்ற எட்டுப் பேரை நாம் பார்க்கவே இல்லை. பார்க்காதவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டோம்.

நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயது. இன்று சுமார் 70. இதைச் சொன்னால் உடனே ஒரு குழப்பம் வரும். அந்தக் காலத்தில் எல்லாரும் 32 வயதில் இறந்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பத்துக் குழந்தைகள் பிறந்து, நாலு பேர் ஒரு வயதுக்குள் போய், மீதி ஆறு பேரும் அறுபது வரை இருந்தால் சராசரி எவ்வளவு? கிட்டத்தட்ட 36 தான். குழந்தைச் சாவுதான் சராசரியைக் கீழே இழுத்தது. அதைத் தாண்டிப் பிழைத்தவர்களில் அறுபது, எழுபது பார்த்தவர்கள் அன்றும் இருந்தார்கள். இந்த 38 வருட ஏற்றம் வந்ததற்குத் தடுப்பூசி, குளோரின் போட்ட தண்ணீர், பிரசவ ஆஸ்பத்திரி, ஆன்டிபயாடிக், ரேஷன் அரிசி எல்லாம் சேர்ந்துதான் காரணம். இதே காலத்தில்தான் நம் வீடுகளில் கம்பும் ராகியும் குறைந்து வெள்ளை அரிசி ஏறியது என்பதையும் மறக்க வேண்டாம்!

கோயமுத்தூர் பக்கம் 'பிளேக் மாரியம்மன்' என்ற பெயரில் கோயில்கள் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிளேக் நோய் கொங்கு நாட்டை ஆட்டிப் படைத்தபோது ஜனங்கள் ஊரைக் காலி செய்துவிட்டு ஓடினார்கள். அம்மனை வேண்டிக்கொண்டார்கள். அன்று வீட்டுக்கு வீடு கம்பும் ராகியும் சோளமும்தான். பிளேக் கிருமி அதையெல்லாம் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் உறுத்தும். தோட்டத்துக்காரர் குடித்த அதே கூழைத்தானே பண்ணையத்து ஆளும் குடித்தார்? சொல்லப்போனால் அவர் கூழ் மட்டுமே குடித்தார். நெய்யும் தயிரும் பருப்பும் அவர் சட்டியில் விழுந்தது நோம்பி நாளில்தான். நூறு வயசுக் கதைகளில் அவருடைய அப்பாரு பெயர் ஏன் அபூர்வமாகவே வருகிறது?

வயசு நிஜம்தானா?

அடுத்த கேள்வி இன்னும் சங்கடமானது. தொண்ணூத்தஞ்சு, நூத்தஞ்சு என்கிறோமே, அந்த வயதை யார் எண்ணினார்கள்?

நம் ஊரில் பிறப்புப் பதிவு எல்லா வீட்டுக்கும் வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969-ல் தான் வந்தது. அதற்கு முன்பெல்லாம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் குத்துமதிப்பாகப் போட்ட தேதிதான் பலருக்குப் பிறந்த நாள். பள்ளிக்கூடமே போகாத கிழவருக்கு? "பெரிய பஞ்சத்துக்கு அப்புறம் ரெண்டு வருசம் கழிச்சுப் பொறந்தவன்" என்பதுதான் சர்டிபிகேட். எண்பதைத் தாண்டிவிட்டால் வயது தானாகவே வேகமாக ஓட ஆரம்பிக்கும். ஊரில் மரியாதை கூடுகிறதல்லவா!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நூறும் அதற்கு மேலும் என்று வயது சொன்னவர்கள் இந்தியாவில் சுமார் 6 லட்சம் பேர். அதாவது இரண்டாயிரம் பேருக்கு ஒருவர். அதே வருடம் ஜப்பானில் நூறு கடந்தவர்கள் 48 ஆயிரத்துக்கும் குறைவு. ஏறக்குறைய 2,700 பேருக்கு ஒருவர். சராசரி ஆயுளில் அன்று நம்மைவிடப் பதினைந்து வருடத்துக்கு மேல் முன்னால் இருந்த ஜப்பானைவிட, நூறு வயதுக்காரர்கள் நம்மிடம் தாராளம் என்றால் நம்ப முடிகிறதா? கணக்கெடுக்க வந்தவரிடம் வாய்க்கு வந்த வயதைச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சிரிக்காதீர்கள், உலகம் பூராவும் இதே கதைதான். தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டில் வில்கபாம்பா என்று ஒரு மலைக் கிராமம். 1970-களில் 'நூறு வயது மனிதர்களின் பள்ளத்தாக்கு' என்று உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. அலெக்சாண்டர் லீஃப் என்ற அமெரிக்க டாக்டர் 1970-ல் அங்கே போனபோது தன் வயது 121 என்று சொன்ன பெரியவர், 1974-ல் அவர் மறுபடி போனபோது 132 என்றார். நாலு வருடத்தில் பதினொரு வயது! பிறகு வேறு ஆராய்ச்சியாளர்கள் சர்ச் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து 1979-ல் எழுதினார்கள்: அந்தக் கிராமத்தில் நூறைத் தொட்டவர் ஒருவர்கூட இல்லை. அதிகபட்சம் 96. அதற்குள் அவர்கள் சாப்பாட்டைப் பற்றி எத்தனை கட்டுரைகள் வந்துவிட்டன!

ஜப்பானிலேயே 2010-ல் ஒரு கூத்து நடந்தது. டோக்கியோவின் மிக வயதான ஆண், 111 வயது என்று வாழ்த்துச் சொல்லப் போன அதிகாரிகள், அவர் முப்பது வருடத்துக்கு முன்பே வீட்டுக்குள் இறந்துபோய்விட்டதைக் கண்டுபிடித்தார்கள். குடும்பத்தார் பென்ஷனை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதன்பின் நாடு முழுவதும் குடும்பப் பதிவேடுகளைச் சரிபார்த்தபோது, நூறு கடந்ததாகப் பெயர் இருந்தும் இருக்கும் இடமே தெரியாதவர்கள் 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல்! சால் நியூமன் என்ற ஆராய்ச்சியாளர், அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாகப் பிறப்புச் சான்றிதழ் நடைமுறைக்கு வரவர, 110 கடந்தவர்களின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்ததைக் காட்டினார். வயசுக் கணக்கில் இருக்கும் ஓட்டைகளைத் தோண்டிய இந்த வேலைக்காக 2024-ல் அவருக்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. நீண்ட ஆயுள் ஊர்களை ஆராய்ந்தவர்கள், "நாங்கள் ஒவ்வொருவர் வயதையும் ஆவணம் பார்த்துத்தான் எழுதினோம்" என்று பதில் சொல்கிறார்கள். அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

நம் பக்கத்துப் பாப்பம்மாள் பாட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் இயற்கை விவசாயம் பார்த்தவர். 2021-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது வயது 105 என்றார்கள். பிறந்த வருடம் 1914 என்றும் எழுதினார்கள். 1914-ல் பிறந்தவருக்கு 2021-ல் குறைந்தது 106 ஆகியிருக்க வேண்டுமே! ஒன்றிரண்டு வருடப் பிசகு அவர் பெருமையைக் குறைத்துவிடாது. 2024 செப்டம்பரில் அவர் காலமானபோது நூறைத் தாண்டி வாழ்ந்தவர் என்றுதான் நாடே வணங்கியது. அவரைப் பற்றிப் பின்னால் மறுபடி பேசுவோம்.

எல்லாம் புருடாவா?

இல்லை. அப்படித் தள்ளிவிடவும் கூடாது. இத்தாலியின் சார்டினியா தீவில், மலைக் கிராமங்களில் நூறு கடந்த ஆண்கள் அதிகம் என்பதைப் பிறப்பு இறப்புப் பதிவுகளை ஒத்துப் பார்த்து 2004-ல் எழுதினார்கள். பொதுவாக நூறு கடந்தவர்களில் பெண்கள்தான் பல மடங்கு. அங்கே ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமம். ஜப்பானின் ஒகினாவா தீவுக்காரர்களும் ஒரு காலத்தில் அந்த நாட்டிலேயே அதிக ஆயுள் உள்ளவர்களாகப் பேர் வாங்கினார்கள். (அங்கே 1945 யுத்தத்தில் பதிவேடுகள் எரிந்துபோய்த் திரும்ப எழுதினார்கள் என்பதையும் சிலர் சுட்டிக்காட்டுகிறார்கள்.)

ஒகினாவாவின் பழைய சாப்பாடு என்ன தெரியுமா? சக்கரவள்ளிக் கிழங்கு! 1950-ஐ ஒட்டிய காலத்தில் அவர்கள் சாப்பாட்டின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கிழங்கிலிருந்துதான் வந்தது. உடனே கிழங்கு வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். சார்டினியா மேய்ப்பர்கள் சாப்பிட்டது ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், பீன்ஸ். ஒரு ஊரில் கிழங்கு, இன்னொரு ஊரில் சீஸ். சாப்பாடு ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போவது வேறு சில சங்கதிகள். சார்டினியாக்காரர் ஆட்டை ஓட்டிக்கொண்டு தினமும் மலை ஏறி இறங்கினார். ஒகினாவாவில் 'மோவாய்' என்று ஒரு வழக்கம். பத்துப் பேர் சேர்ந்து மாதா மாதம் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள். நம்ம ஊர்ச் சீட்டேதான்! பணத்தைவிட, மாதம் தவறாமல் கூடிப் பேசுவதும், ஒருத்தர் வராவிட்டால் "ஏன் வரலை?" என்று வீடு தேடிப் போவதும்தான் அதில் பெரிசு.

பிறகு அமெரிக்கப் பட்டாளம், பர்கர் கடை, கார் எல்லாம் வந்தன. 2000-ல் ஒகினாவா ஆண்கள் ஜப்பானின் 47 மாகாணங்களில் 26-ஆம் இடத்துக்கு இறங்கினார்கள். 2020 கணக்கில் 43-ஆம் இடம். சாப்பாடு மாறியதும் ஒரு காரணம், சந்தேகமில்லை. ஆனால் நடையும் அதே சமயத்தில்தான் போயிற்று. எது எவ்வளவு என்று தனியாகப் பிரித்தெடுப்பது லேசல்ல.

பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி, ஒரே நாட்டில் இரண்டு சமூகங்களை ஒப்பிடுவது. கலிபோர்னியாவில் செவன்த்டே அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்களில் பலர் சைவம். மற்ற கலிபோர்னியாக்காரர்களைவிட ஆண்கள் ஏழு வருடமும் பெண்கள் நாலு வருடமும் கூடுதலாக வாழ்வதாக 2001-ல் வெளியான ஆய்வு சொன்னது. பார்த்தீர்களா, சைவம்தான் என்பீர்கள். ஆனால் மார்மன் சபையார் இறைச்சி சாப்பிடுகிறவர்கள். அவர்களில் சபை ஒழுங்கைக் கடைப்பிடிப்பவர்களுக்கும் ஆயுள் கூடுதல்தான்! இரண்டு பேருக்கும் பொது எது? பீடி சிகரெட் இல்லை, சாராயம் இல்லை, வாரம் ஒருநாள் கட்டாய ஓய்வு, விடாமல் கூடும் சபை.

ரவிக்கை தைத்த ஊர்

இப்போது உங்களைப் பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊருக்குக் கூட்டிப்போகிறேன். திருப்பூர்க்காரர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. பெயர் ரோசட்டோ. இத்தாலியில் ஒரே கிராமத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள் 1880-களிலிருந்து கட்டிய ஊர். ஆண்கள் கல் குவாரியில் வேலை பார்த்தார்கள். பெண்கள்? துணிக் கம்பெனிகளில் உட்கார்ந்து பெண்களுக்கான மேல்சட்டை தைத்தார்கள்.

1960-களின் தொடக்கத்தில் ஸ்டூவர்ட் உல்ஃப் என்ற டாக்டர் அங்கே ஆராய்ச்சிக்கு வந்தார். காரணம், ரோசட்டோவில் 55 வயதுக்குள் மாரடைப்பில் சாகிற ஆண்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்ற தகவல். ஒரு மைல் தள்ளி பாங்கர் என்று இன்னொரு ஊர். அதே தண்ணீர், அதே டாக்டர்கள். அங்கே மாரடைப்பு வழக்கம்போல வந்துகொண்டிருந்தது.

சரி, ரோசட்டோக்காரர்கள் ஏதோ அற்புதமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று தேடினார்கள். கிடைத்தது என்ன? ஊரில் இருந்தவரை ஆலிவ் எண்ணெயில் சமைத்தவர்கள், அமெரிக்கா வந்தபின் அது விலை அதிகம் என்று பன்றிக் கொழுப்பில் பொரித்துக்கொண்டிருந்தார்கள். உடம்பு பருத்தவர்கள் ஏராளம். ஆண்கள் சுருட்டும் ஒயினும் விடவில்லை. எந்த டாக்டரும் ஒப்புக்கொள்ளாத சாப்பாடு!

வித்தியாசம் தெருவில் இருந்தது. மூன்று தலைமுறை ஒரே வீட்டில். கிழவர்களைக் கேட்காமல் எதுவும் நடக்காது. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பேச்சு. கையில் காசு புரண்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படும்படி காட்டிக்கொள்வது அசிங்கம் என்று நினைத்தார்கள். (நம் ஊர்க் கல்யாண மண்டபங்களையும் வாசலில் நிற்கும் கார்களையும் நினைத்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.) "இந்த வாழ்க்கை கலைந்தால் மாரடைப்பும் வந்துவிடும்" என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் அப்போதே சொன்னார்கள். 1960-களின் கடைசியில் பிள்ளைகள் தனித்தனியாக வேலி போட்ட பெரிய வீடு கட்டிக்கொண்டு போனார்கள். 1992-ல் ஐம்பது வருடச் சாவுப் பதிவுகளை ஒப்பிட்டு ஒரு ஆய்வு வெளியானது. ரோசட்டோவும் பாங்கரும் மாரடைப்பில் சமமாகிவிட்டிருந்தன.

சின்ன ஊர், சில நூறு குடும்பம், அதை வைத்து ரொம்பப் பேசக்கூடாது என்பவர்களும் உண்டு. நியாயமான பேச்சுதான். ஆனால் பெரிய ஆய்வுகளும் அந்தப் பக்கமே கை காட்டுகின்றன. கலிபோர்னியாவில் அலமேடா என்ற பகுதியில் சுமார் 7 ஆயிரம் பேரை 1965-லிருந்து ஒன்பது வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். சொந்தம், சிநேகம், கோயில் சங்கம் என்று எதுவும் இல்லாமல் தனித்திருந்தவர்கள் மற்றவர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இறந்திருந்தார்கள். 2010-ல் 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே பாடம்தான்.

டிரைவரும் கண்டக்டரும்

சாப்பாடும் ஊரும் சம்பளமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, வேலை மட்டும் மாறினால்? லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் இதைத்தான் பார்த்தார். 31 ஆயிரம் போக்குவரத்துத் தொழிலாளர்கள். மாடி பஸ்ஸில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க ஷிப்டுக்கு ஐநூறு அறுநூறு படி ஏறி இறங்குகிறார். 1953-ல் முடிவு வந்தது: கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் சாவு குறைவு.

மோரிஸ் நேர்மையான மனிதர். அத்தோடு விடவில்லை. கம்பெனி யூனிபார்ம் தைத்த அளவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களுடைய பேன்ட் இடுப்பளவு வேலையில் சேரும்போதே கொஞ்சம் பெரிசாக இருந்தது! ஆகவே எல்லாப் பழியையும் உட்கார்ந்த வேலை மேல் போட முடியாது என்று 1956-ல் தானே எழுதினார். ஆனாலும் அதற்கப்புறம் வந்த எத்தனையோ ஆய்வுகள் உடல் அசைவின் பலனை உறுதி செய்துவிட்டன.

உங்கள் வீட்டுக்காரரோ, மகளோ ஓவர்லாக்கிலோ பேட்லாக்கிலோ உட்கார்ந்தால் எத்தனை மணி நேரம் உட்காருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றரை ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம். பீஸ் ரேட் என்றால் எழுந்திருக்கவே மனசு வராது. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போகவேண்டி வரும் என்று தண்ணீரையே குறைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு வந்து பதினொன்றுக்குச் சாப்பாடு. அந்தப் பதினொரு மணித் தட்டில் கம்பு இருந்தால் என்ன, கோதுமை இருந்தால் என்ன?

சூப்பர்வைசர், முதலாளி வீடுகளும் தப்பவில்லை. ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் தூக்கம் ஏது! லண்டன் அரசு ஊழியர்களை 1967-லிருந்து ஆராய்ந்ததில் ஒரு விஷயம் வெளிவந்தது. உத்தியோகம் கீழே போகப்போக மாரடைப்புச் சாவு ஏறியது. கடைநிலை ஊழியருக்கு உயரதிகாரியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. புகை, ரத்தக்கொதிப்பு, கொலஸ்ட்ரால் எல்லாம் சேர்ந்தும் இதில் பாதியைக்கூட விளக்கவில்லை. வேலையில் சுமை இருந்தும் சொல்லுக்கு மதிப்பில்லாத நிலையே உடம்பைத் தின்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் வந்து சேர்ந்தார்கள்.

கம்போடு சேர்ந்து வந்தவை

இப்போது அந்தத் தொண்ணூத்தஞ்சு வயது அப்பாருவிடம் திரும்புவோம். கம்மஞ்சோறு அவருக்குத் தனியாக வரவில்லை. விடிவதற்குள் கவலை ஓட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்த பிறகு வந்தது. சந்தைக்கு ஏழெட்டு மைல் நடந்த கால்களோடு வந்தது. பொழுது சாய்ந்தால் படுக்கை. தொண்ணூறு வயதிலும் "தோட்டத்துல என்ன நடக்குது?" என்று கேட்க உரிமை இருந்தது, பதில் சொல்லப் பேரன் இருந்தான். கூடவே, குழந்தையில் அம்மைக்கும் பேதிக்கும் தப்பிய அதிர்ஷ்டம். கொஞ்சம் பரம்பரை. டென்மார்க்கில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு, ஆயுளில் கால் பங்கு பரம்பரை என்றது. நூறைத் தாண்டுகிறவர்களிடம் அதன் பங்கு இன்னும் கூடுதல் என்பார்கள்.

பாப்பம்மாள் பாட்டி சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். மளிகைக் கடை நடத்தி, சேர்த்த காசில் நிலம் வாங்கி, பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று ஜெயித்து, வேளாண் பல்கலைக்கழகக் கூட்டங்களில் கேள்வி கேட்டு, நூறை ஒட்டிய வயதிலும் தன் இரண்டரை ஏக்கரில் வேலை செய்தார். அவர் தட்டில் என்ன இருந்தது என்று கேட்ட நிருபர்கள் அதிகம். எனக்கென்னவோ அந்தத் தேர்தலும் கூட்டங்களும்தான் கண்ணில் படுகின்றன.

கேரளத்தைப் பாருங்கள். அரிசி, தேங்காய், மீன். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் அங்கே பெரியவர்களில் நாலில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். ஆனால் சராசரி ஆயுளில் பெரிய மாநிலங்களில் அதுதான் முன்னணியில், சுமார் 75. படித்த தாய்மார்களும் கிட்டத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிகளும் செய்கிற வேலை அது.

அப்ப சாப்பாடு முக்கியமில்லையா?

யார் சொன்னது? ரொம்ப முக்கியம். வெள்ளை அரிசியைக் குவித்துச் சாப்பிடுவதைவிடக் கம்பு, சாமையில் நார்ச்சத்து கூடுதல். கொள்ளும் தட்டைப்பயறும் கீரைக் கடைசலும் நம் சமையலின் சொத்து. உப்பு ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் அளவோடு நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், சாயங்கால பேக்கரி பப்ஸ் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்திதான். ஒரு எச்சரிக்கை: ராகியை நைசாக அரைத்துக் கஞ்சி காய்ச்சி, வெல்லமும் போட்டுக் குடித்தால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். கம்பு பிஸ்கட் என்பது பிஸ்கட்தான். வேக வைத்த சோறாக, பயறும் காயும் சேர்த்துச் சாப்பிடுங்கள்.

தட்டை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்வதில்தான் தப்பு. முப்பது வயது தாண்டிய எல்லாரும் வருடம் ஒரு தரமாவது ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. மேலே 140, கீழே 90 என்ற அளவை அடிக்கடி தொட்டால் டாக்டரைப் பாருங்கள். மாத்திரை கொடுத்தால், குறைப்பதும் நிறுத்துவதும் அவர் சொல்லித்தான். உணவும் நடையும் சேர்ந்தால் டோஸ் குறையலாம், அதையும் அளந்து பார்த்து அவரே சொல்வார். வீட்டில் பீடி, சிகரெட், போயிலை இருந்தால், கம்பு வாங்கும் முன் அதை நிறுத்துங்கள். அதைவிட ஆயுளைக் கூட்டும் தானியம் கிடையாது.

வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை. ஒரே மூச்சில் வேண்டாம், தினம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் போதும். மெஷினில் உட்காருகிறவர்கள் பாபின் மாற்றும்போதெல்லாம் எழுந்து நின்று, நாலடி நடந்து உட்காருங்கள். நீங்களே யூனிட் நடத்துகிறவர் என்றால், மணிக்கு ஒரு தரம் இரண்டு நிமிடம் எழ விடுவதால் உற்பத்தி குறைந்துவிடாது. லைன் வீட்டில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டுப் படுக்கும் வெளியூர்ப் பிள்ளைகளையும் கொஞ்சம் யோசியுங்கள்.

வீட்டில் ஆத்தா இருக்கிறாரா? மகனும் மருமகளும் கம்பெனி, பேரன் டியூஷன். பாத்திரத்தில் எடுத்து வைத்த களியை டி.வி. முன்னால் ஒண்டியாகச் சாப்பிடுகிறார். வாரத்தில் நாலு நாளாவது ஒருவேளை அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். சம்பளச் சனிக்கிழமை கழித்து வரும் ஞாயிறு உங்கள் கையில்தானே இருக்கிறது? இப்போது கொங்குக் கிராமங்களில் சாயங்காலமானால் வள்ளிக் கும்மிப் பயிற்சி நடக்கிறது. பாட்டியும் பேத்தியும் ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள். கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது வயது 87. ஜிம்முக்குப் பணம் கட்டுவதற்கு முன், உங்கள் ஊர்க் குழுவை ஒருதரம் எட்டிப் பாருங்கள்.

கடைசியாக, அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள். உங்கள் அப்பாவோ, கூடப் பிறந்த ஆணோ 55 வயதுக்குள், அம்மாவோ, கூடப் பிறந்த பெண்ணோ 65 வயதுக்குள் மாரடைப்புக் கண்டிருந்தால், அந்தப் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டு வையுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.